சிவப்பு விளக்கும் என் கட்டைவிரலும்

மே 4, திங்கள்

கூட்டுறவு வங்கியில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. நான்கு மாதமாக டி.வி. ஸ்டாண்ட் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் கிடந்தது. இன்று உருவிவிட்டேன். இப்போது டி.வி. ஆடுகிறது, சுலோச்சனாவும் ஆடுகிறாள்.

"ஐம்பத்திரண்டு வயசுல உங்களுக்கு என்ன டைரி? என்ன எழுதப் போறீங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

"அப்ப இது பத்தாது. இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் பேச்சில் நான் ஜெயித்த நாள் கிடையாது. வெளியில்தான் நான் பெரிய தமாஷ் பேர்வழி. மே 29ஆம் தேதி எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வார விழா. இருபது நிமிட நகைச்சுவை நிகழ்ச்சி, வழங்குபவர் கோதண்டபாணி என்று நோட்டீஸே ஒட்டிவிட்டார்கள். அதற்குத் துணுக்கு சேர்க்கத்தான் இந்த டைரி.

என் வேலை, விமானத்துக்கு முன்னால் இரண்டு மட்டைகளோடு நின்று 'வா, வா, இப்படி வா, நில்' என்று சைகை காட்டுவது. எழுபது டன் எடை என் கைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். வீட்டில் மிக்ஸி கூட நிற்காது. (துணுக்கு ஒன்று. சுமார்தான்.)

மே 6, புதன்

கத்தரி வெயில். தரையில் முட்டையை உடைத்தால் ஆம்லெட். இதை எல்லா ஊரிலும் சொல்லிவிட்டார்கள். அடித்துவிட்டேன்.

மே 9, சனி

பல் டாக்டரிடம் போனேன். பிடுங்க வேண்டுமாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன், மேடைக்கு உதவும்.

மஜீத் பாய்: மின்சார வண்டி ஓட்டுகிறவர். நின்ற விமானத்துக்குத் தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டி. பாய் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், ஆனால் மணப்பாறை முறுக்கு கொண்டு வருவார்.

மரியபுஷ்பம்: வலது பக்கம் கட்டை வைக்கிறவள். விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர் கட்டை வைக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயது. முன்பு தீப்பெட்டி ஆலையில் இருந்தவள். புருஷன் இறந்து ஒன்பது வருஷம், மகள் நர்சிங் படிக்கிறாள். எங்கள் குழுவில் நான் சொல்கிற ஜோக்குக்கு முதலில் சிரிப்பது இவள்தான். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். அவள் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். ஒரு கலைஞனுக்கு இப்படி ஓர் ஆள் வேண்டும்.

அனந்தநாராயணன் சார்: டியூட்டி மேனேஜர். பேன்ட்டை இரண்டு முறை மேலே இழுத்து, கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, "எல்லாம் முறைப்படி, எல்லாம் முறைப்படி" என்பார். அவர் நடையை நான் நடந்து காட்டினால் பாய் கூட முறுக்கைக் கீழே போட்டுவிடுவார்.

பிறகு என் கட்டைவிரல். இதற்கு ஒரு பத்தி தனியாக வேண்டும்.

விதி என்னவென்றால், விமானம் வந்து நின்றாலும் அதன் வயிற்றில் மின்னும் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. விளக்கு மின்னினால் எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம். ஓடும் எஞ்சின் தன் முன்னால் இருப்பதை உள்ளே இழுக்கும். தொப்பியா, ஆளா என்று பார்க்காது. அது விதி. எங்கள் வழக்கம் வேறு. எங்களில் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. உச்சி வெயிலில் அது கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. எல்லோரும் என் கட்டைவிரலைத்தான் பார்ப்பார்கள். நான் விமானியின் தலை குனிவதைப் பார்ப்பேன். குனிந்தால் சுவிட்சுக்குக் கை போகிறது. விளக்கு அணைவதற்கு மூன்று நொடி முன்பே என் விரல் எழும், கட்டை போய் உட்காரும். போன வருஷம் 'அதிவேக நிலையம்' என்று கேடயம் வாங்கினோம். வாங்கப் போனவர் அனந்தநாராயணன். வாங்கிக் கொடுத்தது இந்த விரல்.

"அண்ணே, உங்க விரலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்" என்றாள் புஷ்பம்.

மே 13, புதன்

இன்று ஒரு சிறு அசம்பாவிதம். புஷ்பத்துக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேறு ஒன்றும் இல்லை.

வரும் வழியில் புளி வாங்க மறந்துவிட்டேன்.

மே 14, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டே முக்கால் சென்னை விமானம். நின்றது. வலது எஞ்சின் அணையவில்லை. புஷ்பம் கட்டையோடு உள்ளே போய்விட்டாள். வெயிலுக்குக் காதைச் சுற்றித் துப்பட்டா கட்டியிருந்தாள். எஞ்சின் அதை இழுத்தது. முடிச்சு தளர்வாக இருந்ததால் துணி மட்டும் போனது. அவள் பக்கவாட்டில் விழுந்து கையை ஊன்றினாள். பாய் ஹாரனை அமுக்கி விமானிக்கு இரண்டு கையையும் குறுக்கே காட்டினார். எஞ்சின் அணைந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றதால் விமானம் ரத்து, நூற்று எழுபது பேர் கூச்சல்.

வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். 'பணியாளர் மரியபுஷ்பம் சைகை கிடைக்கும் முன்பே தாமாக விமானத்தை நெருங்கினார்' என்று எழுதினேன். அனந்தநாராயணன் சார் படித்துவிட்டு, "சைகை நீங்க குடுக்கலை?" என்றார்.

"குடுக்கலை சார்."

"சரி. கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து நன்றாக வந்தது. வழக்கமாக என் கையெழுத்து கரப்பான்பூச்சி மாதிரி இருக்கும்.

மே 16, சனி

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சுலோச்சனாவோடு புஷ்பம் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டில் மகள் பேனாவால் பூ வரைந்திருந்தாள். புஷ்பம் எழுந்து டீ போடப் போனாள். சுலோச்சனா அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? தப்பா நினைக்காதீங்க."

"கேளும்மா."

"உங்க விரல் மேல போன மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க காட்டவே இல்லைன்னு சார் சொல்றாரு. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரே, அப்ப என் கண்ணுதான் என்னமோ ஆயிருக்குன்னு இருக்கேன்."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். "வெயில்ல தரை நெளியும்ல. கானல். அப்படித்தாம்மா தெரியும்" என்றேன்.

"அப்படியா இருக்கும்?"

"எனக்கே சில சமயம் மூணு விமானம் தெரியும்."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்தக் கை தூக்கினாள், கட்டுப் போட்ட கை. வலித்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது சுலோச்சனா கேட்டாள்: "அவளுக்குன்னு வாங்கின பழத்தை நீங்களே உரிச்சு நீங்களே தின்னுட்டீங்களே, தெரியுமா?"

தெரியாது. மூன்று பழம் தின்றிருக்கிறேன்.

மே 18, திங்கள்

இன்று காலை விமானம் நின்றதும் எல்லோரும் வழக்கம்போல என் விரலைப் பார்த்தார்கள். விளக்கு அணைந்தும் எனக்கு விரல் எழவில்லை. ஒரு நிமிடம் ஆனது. விமானி கண்ணாடிக்குள்ளிருந்து கையை விரித்து 'என்ன?' என்றார். இடது பக்கத்து ஆள், "என்னண்ணே, விரல் சுளுக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வலது பக்கம் புதிதாக ஒருவர் நிற்கிறார். அவரும் சிரித்தார்.

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

மே 20, புதன்

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். பெரிய விஷயமில்லை.

அன்று பன்னிரண்டு இருபதுக்கு வாக்கி டாக்கியில் தகவல் வந்தது. அந்த விமானத்தின் வாலில் இருக்கும் குட்டி எஞ்சின் பழுது. அது இல்லாவிட்டால் நின்ற பிறகு விமானத்துக்கு மின்சாரம் கிடையாது. அதனால் பாயின் வண்டியை இணைக்கும்வரை வலது எஞ்சினை ஓட விடுவார்கள். குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடு என்றார்கள். "சரி சரி" என்றேன். பாயிடம் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்ல வாயெடுத்தபோது யாரோ, "அண்ணே, மேனேஜர் நடை ஒரு தடவை" என்றார்கள்.

நடந்து காட்டினேன்.

மே 22, வெள்ளி

புஷ்பத்தின் உள்நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜூன் 1 விசாரணை. துப்பட்டா கட்டியது விதிமீறல், சைகைக்கு முன் போனது விதிமீறல், இரண்டும் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று பேச்சு. துப்பட்டா எல்லோரும்தான் கட்டுகிறார்கள். நானே கைக்குட்டை கட்டுவேன். அதைத் தடுக்க வேண்டியது மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் யார் என்று நோட்டீஸ் போர்டில் என் புகைப்படத்தோடு போட்டிருக்கிறது, நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லையாம். பயணிகள் பஸ் குறுக்கே நின்றுவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தவில்லை. நானே எடுக்கப் போனேன். மூடிவிட்டார்.

"பாய், நீங்க எதாச்சும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லப் போறீங்களா?"

"என்னைக் கேட்டா சொல்லுவேன். இன்னும் கேக்கலை." கொஞ்ச நேரம் மென்றார். "நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டு இருக்கேன், கோதண்டம்."

இதோடு அவருடைய அன்றைய பத்து வார்த்தைக் கணக்கு முடிந்தது.

மே 25, திங்கள்

பல்லைப் பிடுங்கிவிட்டேன். டாக்டர், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். தூக்கவில்லை. "பரவாயில்லையே, நல்லா தாங்குறீங்க" என்றார். வெளியே வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலியில்லை, எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனா சொன்னாள், புஷ்பம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாளாம். கண்ணில் கோளாறு இல்லையாம், வயசுக்குத் தகுந்த மாதிரி லேசாக ஒரு பவர் எழுதிக் கொடுத்தார்களாம். விசாரணையில் 'எனக்குப் பார்வை சரியில்லை, இப்போது கண்ணாடி போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லப் போகிறாளாம்.

பஞ்சு வாயில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 27, புதன்

துணுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மே 29, வெள்ளி

விழா. வாடகைப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ரோஸ் மில்க். முதல் வரிசையில் அனந்தநாராயணன். கடைசி வரிசை ஓரத்தில் புஷ்பம். அட்டை இல்லாவிட்டாலும் விழாவுக்கு வரலாமாம். புதுக் கண்ணாடி. என் நிகழ்ச்சியைப் பார்க்கத்தான் பஸ் பிடித்து வந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

மேடை ஏறினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மிக்ஸி துணுக்கு, அடித்துப் போட்ட ஆம்லெட் ஒன்றும் வரவில்லை. முதல் வரிசையில் சார் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் மைக்கில், "பதிமூணாம் தேதி நான்தான் விரலைத் தூக்கினேன்" என்றேன்.

சிரித்தார்கள்.

"நிஜமா. வலது எஞ்சின் ஓடும்னு எனக்குத் தகவல் வந்துச்சு. நான் சொல்லலை. மேனேஜர் சார் மாதிரி நடந்து காமிச்சிட்டு இருந்தேன்." ஒரு விசில். "விமானம் வந்து நின்னப்புறமும் அந்த நடையை விடலை. பேன்ட்டை ரெண்டு தடவை இழுத்தேன், கழுத்தை நீட்டினேன், அதே கையோட விரலைத் தூக்கினேன். எல்லாரும் சிரிக்கணும்னு தூக்கினேன்."

பந்தல் அதிர்ந்தது. ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். நான் ஒவ்வொரு வாக்கியம் சொல்லச் சொல்ல அலை அலையாகச் சிரிப்பு. "சிரிக்காதீங்க" என்றேன். அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக நான் உண்மை ஒன்று சொல்லி இவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது, அடையாளம் தெரியவில்லை.

அனந்தநாராயணன் சிரிக்கவில்லை. பாய் எழுந்து வெளியே போனார்.

கடைசி வரிசையில் புஷ்பம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நிகழ்ச்சிக்கு முதலில் சிரிப்பது அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவள் வாயைப் பொத்தவே இல்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்: வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மே 30, சனி

காலையில் சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"மேடையில சொல்லியாச்சுன்னு விட்றப் போறீங்களா?"

"எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"சிரிக்கிற இடமாப் பாத்துத்தானே சொன்னீங்க."

இந்த டைரியை வங்கி கொடுத்ததிலிருந்து இதில் எழுதப்பட்ட ஒரே நல்ல வாக்கியம் இது, என்னுடையதில்லை.

பழைய வாக்குமூலம் பொய், புதியது இது என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். நடையைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. அனந்தநாராயணன் சார் நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது பக்கத்தில் நெடுநேரம் இருந்தார்.

"நான் அப்படியா நடக்கறேன்?"

"இல்ல சார்."

"இன்னைக்காவது நிஜத்தைச் சொல்லுங்க, கோதண்டபாணி."

"ஆமா சார்."

தலையாட்டினார். "முதுகுல டிஸ்க் நழுவியிருக்கு. பெல்ட் போட்டிருக்கேன் உள்ள. அது நழுவும், அதான் இழுத்து விட்டுக்கறது." கடிதத்தை மடித்துக் கவரில் போட்டார். "அந்தக் கேடயம் வாங்கினப்ப எப்படி இவ்வளவு வேகம்னு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. அதையும் எழுதிக் குடுத்துடறேன். எல்லாம் முறைப்படி போகட்டும்."

அந்த வார்த்தைக்கு எனக்குச் சிரிப்பு வராதது இதுதான் முதல் தடவை.

ஜூன் 1, திங்கள்

விசாரணை. என்னைக் கேட்டார்கள், சொன்னேன். பாயைக் கேட்டார்கள், "ஆமா, தூக்கினார்" என்றார். இரண்டு வார்த்தை.

புஷ்பத்துக்குத் துப்பட்டாவுக்காக ஓர் எச்சரிக்கை மட்டும். அட்டை திரும்பக் கிடைக்கும். எனக்கு ஒரு மாதம் பணி இடைநீக்கம். பிறகு மட்டை கிடையாது, கட்டை வைக்கிற வேலை. சரிதான்.

வராந்தாவில் புஷ்பம் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப என் கண்ணு சரிதானா?"

"சரிதாம்மா. நீ பாத்தது சரிதான்."

"பதினஞ்சு நாளா ராத்திரி பகல் அதையேதான் நினைச்சுட்டு இருந்தேன். ரோட்டைத் தாண்டக்கூடப் பயமா இருந்துச்சு. வர்ற பஸ் நிஜமா வருதான்னு மகளைக் கேட்டுட்டுத் தாண்டுவேன்." கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். "எஞ்சின் இழுத்தப்ப கூட எனக்கு இவ்வளவு பயம் இல்ல. நீங்க ஒரு ஆரஞ்சை உரிச்சுக்கிட்டே சொன்னீங்க, கானல்னு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குள்ளே வரிசையில் முதலில் நின்றது ஒரு ஜோக். சத்தியமாக. அதைச் சொல்லவில்லை.

"வர்றேன் சார்" என்று போய்விட்டாள்.

சார்.

ஜூன் 17, புதன்

வீட்டில் இருக்கிறேன். டி.வி. ஸ்டாண்டுக்குச் சரியான அளவில் மரக்கட்டை ஒன்று செதுக்கி வைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. சுலோச்சனா பார்த்துவிட்டு, "இதை அஞ்சு நிமிஷத்துல செஞ்சிருக்கலாம்" என்றாள்.

ஜூலை 6, திங்கள்

மீண்டும் வேலைக்குச் சேர்ந்தேன். மட்டை வேறு ஒருவரிடம். இப்போது புது ஏற்பாடு: அவரும் சைகை கொடுக்கக்கூடாது. விளக்கைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள். அவர் பச்சை அட்டையைத் தூக்கினால்தான் மற்றவர்கள் நகர வேண்டும். பளு தூக்கக் கை இன்னும் சரியாகாததால் அந்த வேலை புஷ்பத்துக்கு.

நான் வலது பக்கம், அவள் அன்று நின்ற கோட்டுக்குப் பின்னால், கையில் இரண்டு கட்டைகளோடு. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் தூக்கிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டே முக்கால் சென்னை விமானம் வந்து நின்றது. இங்கிருந்து பார்த்தால் எஞ்சினின் வாய் முழுசாகத் தெரிகிறது. ஓர் ஆள் நிமிர்ந்தே உள்ளே போகலாம். காது மூடியையும் தாண்டி அந்தச் சத்தம் பல்லில் ஏறுகிறது, பிடுங்கின இடத்தில்கூட. விமானியின் தலை குனிந்தது. பழக்கம் பொல்லாதது, என் வலது கால் கோட்டுக்கு மேல் ஏறிவிட்டது.

புஷ்பம் என் பக்கம் திரும்பவே இல்லை. இடது கையை மட்டும் விரித்து என் பக்கம் நீட்டினாள். நில்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். வயிற்றில் சிவப்பு மின்னியது. அப்புறம் மின்னவில்லை. அவள் அட்டை எழவில்லை. எனக்குப் பின்னால் யாரோ, "சீக்கிரம்க்கா" என்றார்கள். அவள் இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி இல்லாமல், கண்ணைச் சுருக்கி. தான் பார்ப்பது நிஜம்தானா என்று இன்னொரு முறை பார்க்கிறாள். அந்த இன்னொரு முறை நான் அவளுக்குக் கொடுத்தது.

கட்டை கனத்தது. நின்றேன்.